ஓய்வுக்குப் பிறகும் முதலீட்டுத் தொகை கூடிக்கொண்டே போகிறது: செலவை உயர்த்துவதா, பத்திரப்படுத்துவதா?

கேள்வி: உச்சிப்புளிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிந்து, 2018 மார்ச்சில் 58 வயதில் ஓய்வுபெற்று, மனைவியுடன் உச்சிப்புளிக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டேன். அரசு ஓய்வூதியம் எனக்கு இல்லை. வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியமாக மாதம் 3,000 ரூபாய் வருகிறது. ஓய்வுபெற்ற சமயத்தில் என்னிடம் இருந்தது 80 லட்சம் ரூபாய். அதில் 45 லட்சம், வேலையில் இருந்த காலத்தில் மாதந்தோறும் போட்டுவந்த பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டுகள். 15 லட்சம் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 20 லட்சம் வங்கி வைப்பு.

அப்போது எங்கள் மாதச் செலவு 28,000 ரூபாயாக இருந்தது. இப்போது 42,000 ஆகிறது. வட்டியும் ஓய்வூதியமும் போதாத பகுதிக்காக ஃபண்டிலிருந்து மாதம் 20,000 ரூபாயை எஸ்.டபிள்யூ.பி. முறையில், அதாவது மாதந்தோறும் அந்தத் தொகைக்கு ஃபண்டு யூனிட்டுகள் தானாக விற்கப்படும் ஏற்பாட்டில், எடுத்துவருகிறேன். வங்கி வைப்பில் 5 லட்சம், மகளின் பிரசவத்துக்கும் பேரனின் காதுகுத்துக்குமாகக் கரைந்தது. ஓய்வுபெற்றபோது ஒரு நோட்டில் ஆண்டுவாரியாகக் கணக்குப் போட்டு, 75 வயதில் ஃபண்டுத் தொகை பாதியாகியிருக்கும் என்று எழுதிவைத்திருந்தேன். நடந்ததோ நேர்மாறு. எடுத்தது போகவே ஃபண்டுகளின் மதிப்பு இன்று 95 லட்சம். வைப்புகள் 30 லட்சம். ஆக மொத்தம் 1 கோடியே 25 லட்சம்.

பெருமைக்காக இதை எழுதவில்லை. தொகை குறைந்தால் என்ன செய்வது என்று விரிவாக யோசித்து வைத்திருந்த நான், கூடினால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. சந்தை ஒரே நாளில் அரை சதவீதம் ஏறினால் 47,000 ரூபாய்க்கு மேல் கூடுகிறது. எங்கள் ஒரு மாதச் செலவு அதற்குள் அடங்கிவிடும். அதே அளவு இறங்கும் நாளில் எதையோ பறிகொடுத்ததுபோல் மனம் சோர்ந்துவிடுகிறது. காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்ததும் கைபேசியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கிடையே ஆளுக்கொரு யோசனை. கடற்காற்றின் உப்பேறி வீட்டுச் சன்ஷேடுகளின் அடிக்காரை உரிந்துவிட்டது. உள்ளே துருவேறிய கம்பி புடைத்துக்கொண்டு நிற்கிறது, விரலால் தட்டினாலே சில்லுச் சில்லாக உதிர்கிறது. கொத்தனார் 4 லட்சம் ஆகும் என்கிறார். 'இப்போது செய்யாமல் வேறு எப்போது' என்கிறார் மனைவி. சென்னையில் வேலைபார்க்கும் மகன், அடுக்குமாடி வீடு வாங்க 25 லட்சம் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், வந்த லாபம் போதும், எல்லாவற்றையும் விற்று வைப்பில் போட்டுவிடு என்கிறார்.

கூடிய இந்தத் தொகையைச் செலவுக்குரிய பணமாகக் கருதலாமா, பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டுமா, அல்லது கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டுமா? ஓய்வுபெற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வாசிரியர், ராமநாதபுரம்

ஐயா, நான் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்துவிட்டதால் பழைய ஓய்வூதியமே கிடைக்கிறது. விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படியும் கூடுகிறது. என்னிடமும் சில ஃபண்டுகள் உண்டு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் சமயத்தில் மட்டும் அவற்றின் மதிப்பைப் பார்ப்பேன், பிறகு மறந்துவிடுவேன். பேரப்பிள்ளைகளுக்கு என்று மனத்துக்குள் எழுதிவைத்துவிட்ட பணம் அது. ஏறுகிறதே என்று எடுப்பதும் இறங்குகிறதே என்று பதறுவதும் தேவையில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

பதில் 2: தேவிபட்டினம் கணக்கர்

ஆசிரியர் ஐயா சொல்வது அவருடைய நிலைமைக்குச் சரி. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிழும் வீட்டில், சந்தை எப்படிப் போனாலும் உலை கொதிக்கும். கேள்வி கேட்டவருக்கு அந்த ஃபண்டுதான் ஓய்வூதியம். எனவே 'கண்டுகொள்ளாமல் விடுவது' அவருக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

முதலில், தொகையை ரூபாயில் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அது எத்தனை ஆண்டுச் செலவுக்குச் சமம் என்று பாருங்கள். 2018-இல் உங்கள் ஆண்டுச் செலவு 3 லட்சத்து 36 ஆயிரம். கையில் இருந்த 80 லட்சம் ஏறத்தாழ 24 ஆண்டுச் செலவு. இன்று ஆண்டுச் செலவு 5 லட்சத்து 4 ஆயிரம். 1 கோடியே 25 லட்சம் என்பது ஏறத்தாழ 25 ஆண்டுச் செலவு. ஆக, கைபேசியில் 45 லட்சம் கூடியதாகத் தெரிவது, சோற்றுக் கணக்கில் ஓர் ஆண்டுதான் கூடியிருக்கிறது. ஆனாலும் இது நல்ல செய்தி. 90 வயது வரை திட்டமிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அன்று 32 ஆண்டுகளை ஓட்ட 24 ஆண்டுச் செலவு இருந்தது. இன்று 25 ஆண்டுகளை ஓட்ட 25 ஆண்டுச் செலவு இருக்கிறது. விலைவாசி ஏறும் வேகத்துக்கு உங்கள் முதலீடு ஈடுகொடுத்தாலே கரையேறிவிடலாம். பணக்காரர் ஆகிவிடவில்லை, இடுக்கண் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்தால் வீட்டில் நடக்கும் பேச்சுக்கும் விடை கிடைத்துவிடும். சன்ஷேடு வேலை 4 லட்சம் என்பது ஓராண்டுச் செலவுக்கும் குறைவு. கம்பி வெளியே தெரிந்த பிறகு தள்ளிப்போட்டால் அடுத்த மழைக்காலத்துக்குப் பின் அது 4 லட்சத்தில் நிற்காது. தயங்காமல் செய்யுங்கள். மகன் கேட்கும் 25 லட்சம் ஐந்து ஆண்டுச் செலவு. அதை ஒரே வீச்சில் கொடுத்தால் 25 ஆண்டு 20 ஆண்டாகிவிடும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் குடும்ப விஷயம். ஆனால் 'ஒன்றே கால் கோடியில் 25 லட்சம்தானே' என்ற எண்ணத்தோடு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் கவனிக்காமலேயே உங்கள் ஆபத்து கூடியிருக்கிறது. ஓய்வுபெற்றபோது பங்குச்சந்தையில் இருந்தது மொத்தத்தில் 56 சதவீதம். இன்று 76 சதவீதம். நீங்கள் ஒரு ரூபாய்கூடப் புதிதாகப் போடவில்லை. ஏற்றமே உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. 2020 ஜனவரியில் 42,000-ஐ ஒட்டி இருந்த சென்செக்ஸ் என்னும் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடு, மார்ச் 23 அன்று 25,981-க்கு இறங்கியது. இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 38 சதவீதச் சரிவு. அதே சரிவு 2018-இல் வந்திருந்தால் உங்களுக்கு 17 லட்சம் போயிருக்கும். அன்றைய கணக்கில் ஐந்து ஆண்டுச் செலவு. இன்று வந்தால் 36 லட்சம் போகும்; ஏழு ஆண்டுச் செலவு. 2020-இல் சந்தை அதே ஆண்டுக்குள் மீண்டுவிட்டதால் பலருக்கு அந்தப் பயமே விட்டுப்போயிற்று. 2008-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜனவரியில் 21,000-க்குப் பக்கத்தில் இருந்தது, 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. பழைய உயரத்தை எட்ட 2010 நவம்பர் ஆயிற்று; அங்கும் நிலைக்காமல் சறுக்கி, 2013 இறுதி வரை இழுத்தடித்தது. அத்தனை ஆண்டுகளும் மாதம் 20,000 ரூபாய்க்கு ஃபண்டை விற்றுக்கொண்டே இருந்தவரின் யூனிட்டுகள், சந்தை மீளும்போது கணிசமாகக் குறைந்துபோயிருக்கும்.

நம் மாவட்டத்துக்காரருக்குப் புரியும்படி சொன்னால், கண்மாய் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போக வேண்டும். மறுகாலை அடைத்துவைத்தால் கரைக்கு ஆபத்து. உங்களுக்கு ஒத்துவரும் விகிதம் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பங்குச்சந்தைக்கு 60, வைப்புக்கு 40 என்பேன். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள். விகிதம் 10 புள்ளிகளுக்கு மேல் விலகியிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இன்றைய கணக்குப்படி 20 லட்சத்தை ஃபண்டிலிருந்து வைப்புக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு இடம் இருக்கிறது. மூத்த குடிமக்கள் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்துவிட்டது. இன்னொரு 15 லட்சத்துக்குப் புதுக் கணக்குத் தொடங்கலாம். வட்டி 8.2 சதவீதம், தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது, காலாண்டுக்கு ஒருமுறை கையில் வரும். மீதி 5 லட்சத்தை வங்கியில் போடும்போது, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். இப்படி மாற்றினால் வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்து ஆண்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் வரும். ஃபண்டிலிருந்து மாதம் 7,000 ரூபாய் எடுத்தாலே போதும். அதற்குப் பிறகு ஒன்பதே காலுக்குக் கைபேசியைப் பார்ப்பீர்களா என்று எழுதுங்கள்.

உங்கள் வங்கி நண்பரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். எல்லாவற்றையும் விற்றால் வரியே 8 லட்சத்துக்கு மேல் போகும். வைப்பு வட்டி இன்றைய செலவுக்குத் தாராளமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏழரை ஆண்டுகளில் உங்கள் செலவு ஒன்றரை மடங்காகியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் 78 வயதில் மாதம் 84,000 ரூபாய் வேண்டும். வட்டி அப்படியேதான் இருக்கும்.

வரியைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பலர், அதனால் சுருக்கமாக. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குச்சந்தை ஃபண்டை விற்றால், நிதியாண்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் லாபம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி வராது என்று சொல்கிறார்களே, அந்தத் தள்ளுபடி இந்த லாபத்துக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் வட்டி வருமானம் அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்துக்குக் குறைவாக இருப்பதால், அந்த வரம்பில் மிஞ்சும் இடத்தை இந்த லாபத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். விற்கும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு லாபம் என்று வைத்துக்கொண்டால், 20 லட்சத்தையும் ஒரே ஆண்டில் விற்க ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வரி வரும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டுகளில் பிரித்தால் பதினைந்து, இருபதாயிரம் ரூபாய் மிச்சமாகும். முதலில் வாங்கிய யூனிட்டுகளே முதலில் விற்கப்படும் என்பதால் உங்கள் லாபப் பங்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்; 2018 ஜனவரி 31 வரை வாங்கியவற்றுக்கு அன்றைய மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளும் சலுகை உண்டு. எப்படிப் பார்த்தாலும், 36 லட்சம் சரியக்கூடிய இடத்தில் ஒன்றரை லட்சத்துக்குப் பயந்து சும்மா இருப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

கடைசியாக, ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று இணையத்தில் எங்கும் பேசப்படுகிறது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்பவர் அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரப் புள்ளிவிவரங்களை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்குக் கண்ட கணக்கு அது. அந்த நாட்டு விலைவாசியும் வட்டியும் வேறு. தொகை ஏறும்போதெல்லாம் புதுத் தொகையில் 4 சதவீதம் என்று எடுக்கச் சொல்லவும் இல்லை. முதல் ஆண்டில் எடுத்ததை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு போவதுதான் அவர் சொன்ன முறை.

பதில் 3: கீழக்கரைக் கடலோடி

வணக்கம். கப்பலில் இன்ஜினியராக இருந்து கரைக்கு வந்தவன் நான். கணக்கர் ஐயா சொன்ன வழியில் பாதி எனக்கு அடைபட்டது. எங்கள் மார்க்கப்படி வட்டி வாங்குவதில்லை என்பதால் மூத்த குடிமக்கள் திட்டமும் வைப்பும் எங்களுக்கு இல்லை. எங்கள் ஊரில் என்னைப்போல் வெளிநாட்டிலும் கப்பலிலும் உழைத்துத் திரும்பியவர்கள் பலர் இருப்பதால், எங்கள் பக்கத்து நடைமுறையையும் எழுதிவைக்கிறேன்.

என் பணம் ஷரியா நெறிப்படி நடத்தப்படும் பங்கு ஃபண்டுகளில் இருக்கிறது. டாடா எதிகல் ஃபண்ட் போன்றவை. வங்கிப் பங்குகள் அவற்றில் இருக்காது. அதனால் செய்தியில் சென்செக்ஸ் ஏறியது, இறங்கியது என்று சொல்வதற்கும் என் தொகைக்கும் பல நாள் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. சரிவுக்கு முட்டுக்கொடுக்க என்னிடம் இருப்பவை பஜாரில் உள்ள இரண்டு கடைகளின் வாடகையும் கொஞ்சம் தங்கமும். இரண்டு ஆண்டுச் செலவுக்கான பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கிறேன். அதில் விழும் வட்டியை நன்மை கருதாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

தொகை ஏறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்கு ஜகாத் என்னும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கடமைத் தானம் பதில் சொல்லிவிடுகிறது. ரமலான் முதல் பிறையன்று ஃபண்டுகளின் மதிப்பையும் தங்கத்தையும் ரொக்கத்தையும் எழுதிக் கூட்டி, அதில் 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும். விற்கும் எண்ணமின்றி நெடுங்காலம் வைத்திருக்கும் பங்குகளுக்கு, நிறுவனத்தின் ரொக்கம், சரக்கு போன்ற பகுதிக்கு மட்டும் ஜகாத் கொடுத்தால் போதும் என்றொரு கருத்தும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே உண்டு. நான் முழு மதிப்புக்கும் கொடுத்துவிடுகிறேன். தொகை ஏறிய ஆண்டில் கொடுப்பதும் ஏறும். யூனிட்டுகளை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதே நாளில் அடுத்த ஓராண்டுக்கான வீட்டுச் செலவுக்கும் சேர்த்து விற்றுவிடுவேன். சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் இந்தத் தேதி ஒவ்வோர் ஆண்டும் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். சந்தையின் உயரத்தைப் பார்த்து நாள் குறிக்கும் வேலை எனக்கு இல்லை.

இதில் ஒரு சிரமம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜகாத்துக்கு 2.5, வீட்டுக்கு 3 என்றால் ஆண்டுக்கு 5.5 சதவீதம் வெளியே போகிறது. ஏற்றமான ஆண்டுகளில் தெரியாது. நாலைந்து ஆண்டு சந்தை படுத்துவிட்டால் உறைக்கும். அதற்காகவே, ஏறிய ஆண்டுகளில் வீட்டுச் செலவை நான் கூட்டுவதில்லை; கூடியதில் ஒரு பங்கைத் தங்கமாக மாற்றுகிறேன். அண்மையில் தங்கமும் பங்கும் சேர்ந்தே ஏறியதால் இரண்டில் எது எதைக் காப்பாற்றும் என்பது எனக்கே குழப்பம்தான்.

உச்சிப்புளி அண்ணனுக்கு இன்னொன்று. தொகை எவ்வளவு என்பதை ஊருக்குள் யாரிடமும் சொல்ல வேண்டாம். நண்பர் வரைக்கும் போயிருக்கிறது என்று தெரிகிறது. எங்கள் தெருவில் ஒருவர் வாய்தவறிச் சொன்னதற்கு, அந்த மாதமே கல்யாணச் செலவுக்கு ஒருவர், படகு இன்ஜினுக்கு ஒருவர், விசாவுக்கு ஒருவர் என்று வாசலில் வந்து நின்றார்கள்.

பதில் 4: தொண்டிக் கடற்கரை

ஐயா, நான் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். கணவர் இருந்தவரை முதலீடு முழுக்க அவர் பொறுப்பு. அவர் 2021-இல் காலமானார். மேலே எழுதியவர்கள் யாரும் தொடாத இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

கணவர் 2015 நவம்பரில் வந்த முதல் தங்கப் பத்திரத்தைக் கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். எட்டு ஆண்டு முடிந்து 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. அது வந்தபோது முடிவெடுக்காமல் இருக்க முடியவில்லை. பாதியை வைப்பில் போட்டேன், பாதியில் கண் அறுவைச் சிகிச்சையை முடித்து, மதுரைக்கு அலைவதற்கென்று தனியாகக் கொஞ்சம் ஒதுக்கினேன். ஃபண்டுகளோ முதிர்வதே இல்லை. யாரும் வந்து 'காலம் முடிந்தது, என்ன செய்யப்போகிறாய்' என்று கேட்பதில்லை. ஏறிய தொகை ஏறியபடியே கிடக்கிறது; நாமும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறோம். கணவர் மூட்டுவலியோடு கடைசி வரை மாடிப்படி ஏறினார். கீழே ஓர் அறை கட்டப் பணம் இல்லாமல் இல்லை. கணக்கர் ஐயாவின் விகிதமும் கீழக்கரைப் பாயின் ரமலான் தேதியும் இந்தக் குறையைத்தான் தீர்க்கின்றன என்று எனக்குப் படுகிறது. நீங்களும் ஒரு தேதியை வையுங்கள்.

இன்னொன்று, தொகை பெரிதாகப் பெரிதாக, உங்களுக்குப் பின் அதை யார் எடுப்பார்கள் என்பதும் பெரிதாகிறது. எங்களுக்கு நாமினி பதிவு செய்திருந்த ஃபோலியோக்கள், அதாவது ஃபண்டுக் கணக்குகள், இறப்புச் சான்றிதழும் என் ஆவணங்களும் கொடுத்த சில வாரங்களில் என் பெயருக்கு மாறின. பழைய ஒன்றில் நாமினி இல்லை. அதற்காக வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் ஒப்புதல், உறுதிமொழிப் பத்திரம் என்று திருவாடானைக்கு நடையாய் நடந்தேன். மற்ற எல்லாம் மாறியும் அது ஓராண்டுக்கு மேல் இழுத்தது. நாமினி இருப்பதாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் பங்குகள் தொடர்பான வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே உயிலும் எழுதுங்கள். உங்கள் துணைவியாருக்கு ஃபோலியோ எண்களும், எந்தக் கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்பதும் தெரியுமா? நான் இதைத் தெரிந்துகொள்ளவே பட்ட பாடு போதும்.

மகன் கேட்டதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் கேட்டீர்களா? மகனுக்கு 25 லட்சம் என்றால் மகளுக்கு எவ்வளவு என்று அவர் கேட்காவிட்டாலும் மனத்தில் இருக்கும். இருவருக்கும் சமமாகக் கொடுக்கக்கூடிய தொகை எதுவோ, அதுதான் மகனுக்கு உங்களால் கொடுக்க முடிகிற தொகை.

கேள்வி கேட்டவர் மீண்டும்: உச்சிப்புளிக்காரர்

எல்லோருக்கும் நன்றி. ரூபாயை ஆண்டுச் செலவாக மாற்றிப் பார்த்ததும் பாதி பரபரப்பு அடங்கிவிட்டது. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்தப் பதில்களைப் படித்துக்காட்டினேன். தொண்டி அம்மா கேட்ட கேள்விக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. ஃபோலியோ எண்களை அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதவைத்திருக்கிறேன்.

20 லட்சத்தை மார்ச்சில் பாதியும் ஏப்ரலில் பாதியுமாக எடுப்பதாக முடிவு. 15 லட்சம் அஞ்சலகத்துக்கு, 4 லட்சம் சன்ஷேடுக்கு, மிச்சம் வரிக்கு. போதாததைச் சேமிப்புக் கணக்கிலிருந்து சேர்த்துக்கொள்வேன். இனி ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் விகிதத்தைப் பார்ப்பது என்றும் பேசிக்கொண்டோம். மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 5 லட்சம், அடுத்த ஆண்டு விகிதம் இடம்கொடுத்தால் மட்டும் என்று இருவரிடமும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டேன். மகனுக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் மகள் அன்றிரவே அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினாள்.

கணக்கர் ஐயாவிடம் ஒரே ஒரு சந்தேகம். மனைவிக்கு 61 வயது. அந்த 15 லட்சத்தை என் பெயருக்குப் பதிலாக அவர் பெயரில் போட்டால் வரி குறையுமா?

பதில் 5: தேவிபட்டினம் கணக்கர்

குறையாது. நீங்கள் கொடுத்த பணத்தை அவர் தம் பெயரில் போட்டாலும், அதன் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். அந்த வட்டியை அவர் மீண்டும் முதலீடு செய்து அதிலிருந்து வரும் வருமானம் மட்டும் அவருடையது. வயதுவந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவர் பெயரிலேயே தொடங்குவேன். அவருக்கும் தனியாக 30 லட்சம் வரை போட அனுமதி உண்டு. உங்கள் பெயரில் இருக்கும் 15 லட்ச இடம் பின்னால் மறுபடி விகிதம் விலகும்போது உதவும். காலாண்டு வட்டி அவருடைய கணக்கிலேயே வந்து விழும். ஓராண்டுக்குள் மூடினால் வட்டி கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள் என்பதால், வரிக்கும் சன்ஷேடுக்கும் வேண்டிய பணத்தை ஒதுக்கிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள். நீங்கள் மூத்த குடிமகன், வணிக வருமானமும் இல்லை என்பதால் முன்கூட்டிய வரி கட்டத் தேவையில்லை. கணக்குத் தாக்கல் செய்யும்போது சேர்த்துக் கட்டினால் போதும்.